விளம்பத்தின் வடு: ‘மின்னிடை மடவார்’ பதிகத்தில் ஊடலும் பரிவும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

1. வினா

பிரிவால் நொந்த நெஞ்சம், பிரிந்தவன் மீண்டு வந்த பொழுதே ஆறிவிடுவதில்லை. வந்து நிற்பவன் முகத்தைக் காண்பதற்கு முன்னே, அவன் வாராதிருந்த நாள்களையே அது காண்கிறது. முன்பு பட்ட நோவு பின்பு வாய்த்த கூட்டத்தின் நடுவே வந்து அமர்ந்துகொள்கிறது. உலகியலில் யாவரும் அறிந்த இத்துன்பத்தையே பொருளாகக் கொண்டு நம்மாழ்வார் அருளிச்செய்த பதிகம், திருவாய்மொழி ஆறாம் பத்தில் இரண்டாவதாக அமைந்த ‘மின்னிடை மடவார்’.

இப்பதிகத்துக்குப் பொருள் கூறுமிடத்து, இக்காலத்தில் இருவகைப் போக்குகள் காணப்படுகின்றன. முதலாவது, இதனை முழுதும் விளையாட்டாகக் கொள்வது. பந்து, கிளி, பாவை, சிற்றில் என்று சிறுமியர் விளையாட்டுப் பொருள்கள் பதிகம் முழுதும் வருதலால், கோபமும் விளையாட்டே, உள்ளே நோவு ஒன்றுமில்லை என்பர். இரண்டாவது, இதனை ஒரு குறையாகக் கொண்டு மெல்லக் கடந்துபோவது. எம்பெருமானை நோக்கிப் ‘போ’ என்று சொல்வது சேஷபூதனுக்கு அடாது. ஆகவே ஆழ்வார் பெண்ணிலைமை எய்திக் கலங்கிய பொழுதில் பிறந்த வார்த்தைகள் இவை என்ற அளவில் நிறுத்தி, அடுத்த பதிகத்துக்குச் சென்றுவிடுவர்.

இவ்விரண்டும் பதிகத்தின் உயிரை நமக்குக் காட்டுவதில்லை. முதற்போக்கு நோவை இல்லையாக்குகிறது. இரண்டாவது அதனைப் பிழையாக்குகிறது. நோவு மெய்யானது, அது பிழையுமன்று, கூடியபின்பும் அது மறையாமல், நோக்கும் திசையை மட்டும் மாற்றிக்கொள்கிறது என்பதே இக்கட்டுரை நிறுவ முயல்வது. தன்னைப் பற்றிய அச்சமாக ஆறாம் பத்தில் தோன்றிய அந்நோவு, பத்தாம் பத்தின் ‘வேய்மரு தோளிணை’ பதிகத்தில் அவனைப் பற்றிய பரிவாக முற்றுகிறது. இவ்விரு பதிகங்களையும் சேர்த்து நோக்கினால் அன்றி, முதலாவதன் பொருள் நிறைவுறாது.

2. பதிகத்தின் இடம்

திருவாய்மொழியில் பெண்பேச்சாக அமைந்த பதிகங்கள் 27. அவற்றுள் தாய் பேசுவன 7. தோழி பேசுவன 3. மகள் பேசுவன 17. தோழியின் பேச்சில் எம்பெருமானோடு உள்ள ஸம்பந்தத்தின் உணர்வும், தாயின் பேச்சில் உபாயத்தில் உள்ள துணிவும், மகளின் பேச்சில் பேற்றில் உள்ள விரைவும் வெளிப்படும் என்று நம் பூர்வாசார்யர்கள் பகுத்துக் காட்டினர். ‘மின்னிடை மடவார்’ மகளின் பேச்சு. ஆகவே இதில் உள்ள கோபம், பேற்றில் விரைந்த ஒருத்தியின் கோபம் என்பதை முதலிலேயே கருத்திற்கொள்ள வேண்டும்.

இதற்கு முந்திய பதிகம் தூது. கழிகளிலும் பொழில்களிலும் திரியும் பறவைகளைத் திருவண்வண்டூருக்கு விடுத்து, தன் நிலையை அவனுக்கு அறிவிக்குமாறு வேண்டுகிறாள் தலைமகள். திருவாய்மொழியில் தூதுப் பதிகங்கள் நான்கு, இது இரண்டாவது. முதற்பத்தில் ஒருமுறை தூது விட்டவள் இவள். இரண்டாம் பத்தின் தொடக்கத்தில் நாரையும் கடலும் காற்றும் தன்னைப்போலவே நொந்தனவோ என்று வினவி, இரவெல்லாம் விழித்திருந்தவளும் இவளே. எனவே ஆறாம் பத்தில் அவன் வந்து வாசலில் நிற்கும்போது, அவள் முன்னே நிற்பது ஒருநாளைய தாமதம் அன்று; பல நாள்களின் தாமதம் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டு நிற்கிறது.

வ்யாக்யானங்கள் பதிகத்துக்குக் காட்டும் அவதாரிகை இதுவே. தூது சென்றபின் அவன் வந்தான். ஆயினும் உடனே வந்திலன். அவ்விளம்பத்துக்குக் காரணம் மற்றைப் பெண்டிரோடு தங்கியதே என்று எண்ணி, தோழிமாரும் தானுமாக அவனைப் பாராமலும் அவனோடு பேசாமலும் இருப்பது என்று உறுதிகொண்டாள். இதனை நம் பெரியோர் ப்ரணய ரோஷம் என்பர். அன்பின்மையால் வந்த கோபத்தினின்று இதனைப் பிரித்துக் காட்டுவதற்கே ‘ப்ரணய’ என்னும் அடைமொழி. மணவாள மாமுனிகளும் திருவாய்மொழி நூற்றந்தாதியில், அவன் மெல்ல வந்ததையே ஊடலுக்குக் காரணமாகக் காட்டியருளினார். காரணம் விளம்பமே என்பதில் பூர்வர்களிடையே வேறுபாடு இல்லை.

3. அவள் சாட்டும் குற்றம் யாது?

இங்கு ஒன்றை நுணுகி நோக்க வேண்டும். ஆழ்வார்களின் ஊடற்பதிகம் இது ஒன்றே அன்று. பெருமாள் திருமொழியின் ஆறாம் பதிகத்தில் குலசேகராழ்வாரும், பெரிய திருமொழியின் பத்தாம் பத்தில் திருமங்கையாழ்வாரும் ஊடலைப் பாடியுள்ளனர். குலசேகரர் பதிகத்தில் ஆய்ச்சியர் சாட்டும் குற்றங்கள் வெளிப்படையானவை. யமுனை மணலில் பனியில் நடுங்கி விடியுமளவும் காத்து நின்றாள் ஒருத்தி, அவன் வந்திலன். இன்னாளுக்குச் சொல் கொடுத்து இன்னாளிடம் சென்றான் என்று எண்ணிச் சொல்லத்தக்க நிகழ்ச்சிகள் அங்கு உள. திருமங்கையாழ்வார் பதிகத்தில், வந்து நிற்பவனின் அலங்காரமும் கோலமுமே ஐயத்துக்கு இடமாகின்றன.

நம்மாழ்வாரின் தலைமகளோ இன்று நிகழ்ந்த குற்றம் ஒன்றையும் எடுத்துச் சொல்வதில்லை. இன்னாளோடு கண்டேன் என்றோ, இன்ன அடையாளம் உன் மேனியில் உளது என்றோ அவள் கூறுவதில்லை. அவள் சொல்வது, உன் வஞ்சனையை நான் அறிவேன் என்பதே. அவ்வறிவு இன்று பிறந்தது அன்று. முன்னைய பிரிவுகள் கற்பித்தது. அவனருளைச் சூடுகின்ற பெண்டிர் என்று பன்முறை பேசினும், அவர்களுள் ஒருத்திக்கும் பெயரில்லை, ஊரில்லை. நொந்த மனம் தனக்கு நேர்ந்த தாமதத்துக்குக் காரணம் தேடும்போது, தன்னினும் சிறந்தவர் யாரோ எங்கோ இருத்தல் வேண்டும் என்று கற்பித்துக்கொள்கிறது. அவள் அஞ்சுவது தன் அச்சமே படைத்த உருவங்களுக்கு.

பழைய நோவு புதிய உறவைப் பற்றும் வகை இதுவே. வந்தவனிடம் குற்றம் கண்டு ஐயம் பிறப்பதில்லை; ஐயம் முன்னரே இருந்துகொண்டு குற்றத்தைத் தேடுகிறது. ஸ்ரீராமாயணத்தில் இதற்கு ஒத்த இடம் ஒன்றுண்டு. அசோகவனத்தில் திருவடி வந்து இராமதூதன் என்று சொன்னபோது, பிராட்டி முதலில் அவனை ஐயுற்றாள். துறவி வேடத்தில் வந்து தன்னைக் கவர்ந்த இராவணனே மீண்டும் வேற்றுருக் கொண்டு வந்தானோ என்று அஞ்சினாள். வந்த தூதனிடம் குறையில்லை. முன்பு வந்த வஞ்சகனால் நேர்ந்த புண் பேசியது. பிராட்டியின் ஐயத்தைக் குற்றமென்று சொல்லுவார் எவரும் இலர்.

அவ்வையம் எவ்வாறு நீங்கியது என்பதும் நோக்கத்தக்கது. ‘நான் இராவணன் அல்லேன்’ என்று மறுத்துரைத்த அளவில் அது தீரவில்லை. திருவடி இராமபிரானுடைய திருமேனி அடையாளங்களை எடுத்துரைத்தான். அதன்பின் கணையாழியைக் கொடுத்தான். அவள் நெஞ்சுக்கு உரியவற்றைக் கொண்டுவந்து அவள்முன் வைத்தபோதே ஐயம் தளர்ந்தது. நம் பதிகத்திலும் எம்பெருமான் இவ்வழியையே பற்றுகிறான் என்பதைப் பின்னர்க் காண்போம்.

4. ‘போ’ என்றது தகுமோ?

இங்கு ஓர் ஆக்ஷேபம் எழும். ஆத்ம ஸ்வரூபம் பாரதந்த்ரியம். அவன் வரினும் விளம்பிப்பினும் அவன் திருவுள்ளமே அளவாக இருத்தல் ப்ரபந்நனுக்கு இயல்பு. அவ்வாறிருக்க, ஏன் தாமதித்தாய் என்று கேட்பதும், வந்தவனைப் போ என்பதும் ஸ்வரூபத்துக்குச் சேருமோ?

ஆழ்வார்கள் தூது விட்டதும், மடலூரத் துணிந்ததும், ஊடியதும் உபாய புத்தியால் செய்தவை அல்ல. பேறு தாழ்க்கப் பொறாத த்வரையால் விளைந்தவை என்பது நம் ஸம்ப்ரதாயம் கண்ட ஸமாதாநம். பசித்த குழந்தை தாய் தாமதித்து வந்தபோது முலையைத் தள்ளி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பால் வேண்டாமை அதற்குக் காரணம் அன்று. வேண்டுதல் மிக்கமையே காரணம். இனி இவள் ‘போ’ என்ற சொல்லுக்குள் எத்துணைத் தளர்ச்சி உளது என்பதையும் பதிகமே காட்டும். இரண்டாம் பாசுரத்திலேயே, அவன் கண்களும் முறுவலும் தன்னைக் கலங்கச் செய்கின்றமையையும், அவற்றால் அழிதற்கே தான் நோற்றிருந்தமையையும் அவள் வாயே ஒப்புக்கொள்கிறது. பார்ப்பதில்லை என்று உறுதிகொண்டவள், பாராதிருந்தால் அன்றோ கண்ணும் முறுவலும் தெரியாதிருக்கும்!

இக்கரையில் பிறந்தோர்க்கு இதனை விளங்கவைப்பதற்கு ஒரு த்ருஷ்டாந்தம் உண்டு. ஆழ்வார் அவதரித்த திருக்குருகூரும் நவதிருப்பதிகளும் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துள் அடங்கியவை. அவற்றின் நடுவே ஓடும் பொருநை முத்தும் சங்கும் விளையும் கடலிற் சென்று சேர்வது. பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை அதன் முகத்துவாரத்தருகே இருந்தது. கடல் பின்வாங்கியதால் இன்று உள்நாட்டு ஊராயிற்று. அக்கடலில் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்ததே அண்மைக்காலத்துப் பெருமுத்துக்குளிப்பு. முற்கால வழக்கப்படி குளிப்பவன் கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்குவான். மேலே படகில் ஒருவன் அவனது கயிற்றைப் பிடித்திருப்பான். மூச்சு முட்டியபோது கீழிருப்பவன் கயிற்றை அசைப்பான். மேலிருப்பவன் இழுக்க வேண்டும். அவ்விருவரிடையே உள்ள உறவெல்லாம் அக்கயிற்றின் அளவே. கீழிருப்பவன் தன்னைத் தானே மேலேற்றிக்கொள்ள வல்லன் அல்லன். அது பாரதந்த்ரியம்.

அங்கு ஒருநாள் இழுப்பதில் சிறிது தாமதம் நேர்ந்ததென்று கொள்வோம். மேலே வந்தவுடன் குளித்தவன் செய்வது என்ன? கயிறு பிடித்தவனை ஏசுவான். அவ்வேச்சு அவனது பாரதந்த்ரியத்துக்கு மறுப்போ? அக்கயிறன்றித் தனக்கு வேறு கதியில்லை என்று அறிந்தவனே அவ்வாறு ஏசுவான். வேறு கயிறு உடையவனுக்குத் தாமதத்தில் கோபமில்லை. மேலும், ஏசுகிற வாயில் உள்ள மூச்சே அவன் இழுத்துத் தந்த மூச்சு. தலைமகளின் ஊடலும் இத்தகையது. அநந்யகதித்வம் இல்லாதவிடத்து இக்கோபம் பிறக்க வழியில்லை. ஆகவே இது ஸ்வரூபத்துக்குச் சேராதது என்பது பொருந்தாது. ஸ்வரூபம் நிறம் பெற்று வெளிப்பட்ட இடமே இது.

5. சிற்றிலும் திருவடியும்

இனி முதற்போக்கினர் கூறும் விளையாட்டுக்கு வருவோம். பதிகத்தில் விளையாட்டுப் பொருள்கள் ஒரு முறையாக வருகின்றன. முதலில் பந்தும் கழலும். அவற்றை அவன் கையில் எடுத்துக்கொள்ள, தந்துவிட்டுப் போ என்கிறாள். பின்னர்ப் பூவையும் கிளியும்; அவற்றோடு கொஞ்சாதே என்கிறாள். அதன்பின் மரப்பாவை, அதனைப் பறிப்பது முறையன்று, தமையன்மார் கேட்டால் தடியெடுப்பர் என்று அச்சுறுத்துகிறாள். அடுத்து, ஊரார் என்ன சொல்வர் என்கிறாள். இறுதியில் சிற்றிலும் சிறுசோறும். பந்து கையை விட்டு எறியப்படுவது; கிளியும் பூவையும் கூட வாழ்வன; பாவை மடியில் வைத்துப் பேணப்படுவது; சிற்றிலோ தானே கட்டித் தானே குடிபுகும் வீடு. ஒவ்வொரு பொருளும் முந்தியதைவிட அவள் நெஞ்சுக்கு அணியது. வாசலில் நின்றவன் படிப்படியாக உள்ளே வருகிறான்.

அவன் ஓரிடத்தும் தன் தாமதத்துக்குக் காரணம் சொல்லி வாதிடுவதைப் பதிகம் காட்டவில்லை. அவன் பொய்யுரைகள் பலிக்கா என்பதை மூன்றாம் பாசுரத்திலேயே அவள் தெளிவாக்கிவிடுகிறாள்: அவற்றை அறியாதவர்க்குச் சென்று உரை என்கிறாள். பழைய புண்ணுக்குச் சொல் மருந்தாகாது என்று அறிந்தவனாகவே, சொல்லை விட்டு அவளுக்கு உரிய பொருள்களைத் தொடுகிறான். திருவடி கணையாழி கொடுத்தாற்போல, இவன் அவள் பாவையை எடுக்கிறான். ஆகவே விளையாட்டு இங்கே நோவின் மறுப்பு அன்று, நோவின் மருந்து. புண் இல்லையேல் மருந்துக்கு இடம் ஏது?

ஒன்பதாம் பாசுரமே பதிகத்தின் திருப்பம். அவனைப் பாராதிருக்கும் பொருட்டு முகத்தைத் திருப்பிச் சிற்றிலிழைக்கத் தொடங்கினர். அவன் அதனைத் திருவடியால் அழித்தான். அப்போது அவள் சொல்வது என்ன? நாங்கள் கட்டிய சிற்றிலையும், அட்ட சிறுசோற்றையும் கண்டு, முகம் ஒளிர முறுவலித்து நின்றாயில்லையே என்கிறாள். முதற்பாசுரத்தில் ‘போகு’ என்றாள். ஒன்பதாம் பாசுரத்தில் ‘நின்றிலையே’ என்கிறாள். போகச் சொன்னவளே நில்லாமைக்கு வருந்துகிறாள். இவ்விரு சொற்களுக்கிடையே நிகழ்ந்ததே பதிகம். குறை இன்னும் குறையே. ஆனால் அது அவனை விலக்கும் குறையாக இருந்தது, அவனை அழைக்கும் குறையாயிற்று. அந்தாதித் தொடையும் இதற்குத் துணைசெய்கிறது: நில்லாமையைச் சொல்லி முடிந்த பாசுரத்தை அடுத்து, நிலைபெற்று விளங்கும் முடியுடையவனே என்னும் விளியோடு பத்தாம் பாசுரம் தொடங்குகிறது. நில்லாதவன் என்று நொந்த வாயே அவனை நிற்பவன் என்று அழைக்கிறது.

ஆயினும் அப்பத்தாம் பாசுரத்தின் முடிவில், உன்னால் நாங்கள் என்றும் நலிவே படுவோம் என்று ஆய்ச்சியர் கூற்றாகச் சொல்லியே அவள் தன் பேச்சை நிறுத்துகிறாள். ‘என்றும்’ என்னும் சொல்லைக் கடந்துபோதல் ஆகாது. கூட்டம் நேர்ந்தது, நோவு கணக்கில் தீர்க்கப்படவில்லை. பலச்ருதியில் ஆழ்வார், வெண்ணெய் காரணமாக யசோதைப் பிராட்டி சீறியபோது அச்சீற்றத்தை ஏற்று அழுதவனை நினைக்கிறார். ஊடற்பதிகத்தின் முடிவில் இக்கதை வந்த காரணம் எண்ணத்தக்கது. வெண்ணெயை உண்டவன் சீற்றத்தையும் உண்டான். அன்புடையார் கோபத்தைத் தனக்கு உணவாகக் கொள்பவன் அவன். ஆகவே அக்கோபத்தை அவன்முன் மறைக்க வேண்டுவதில்லை.

வள்ளுவர் ஊடலை உணவில் இடும் உப்பின் அளவோடு ஒப்பிட்டார்; அளவில் அமைந்தால் சுவை, மிகுந்தால் கேடு. ஊடல் ஓரளவில் நின்றுவிட வேண்டும் என்பது உலகியல் அகத்தின் நெறி. இங்கு அவ்வளவை வரையறுப்பவள் தலைமகள் அல்லள். சிற்றிலை அழிக்கும் நேரத்தை அறிந்து திருவடியை நீட்டிய அவனே. இதுவே பகவத் விஷயத்தில் உள்ள வாசி.

6. கூடியபின்பு நேர்ந்தவை

பதிகத்தை ஓதுவார்க்கு வறுமையில்லை என்று பலச்ருதி முடிய, அவ்வறுமையையே முதற்சொல்லாகக் கொண்டு திருவிண்ணகர்ப் பதிகம் தொடங்குகிறது. வறுமையும் செல்வமும், பகையும் நட்பும், விடமும் அமுதும் ஆகிய ஒன்றோடொன்று பொருந்தாதனவற்றைத் தன்னிடத்தே பொருந்தவைக்கும் அவனது ஆற்றல் அங்குப் பேசப்படுகிறது. சேர்வதில்லை என்று உறுதிகொண்ட தன்னைச் சேர்த்துக்கொண்ட ஆச்சரியமே ஆழ்வாரை அவ்வாறு பாடுவித்தது என்பர் வ்யாக்யாதாக்கள்.

இத்துடன் எல்லாம் இனிதாய் முடிந்தது என்று நினைப்பார்க்கு ஆறாம் பத்து இடம் கொடுப்பதில்லை. ஐந்தாம் பதிகத்தில், தொலைவில்லிமங்கலத்தின்மேல் அவள் கொண்ட மையலைத் தோழி தாய்மார்க்கு எடுத்துரைக்கிறாள். ஆறாம் பதிகத்தில், மகள் இழந்தவற்றைத் தாய் எண்ணுகிறாள். முதலில் எண்ணப்படுவது சங்கு வளை. ஏழாவதில் அவள் வீட்டைவிட்டுத் திருக்கோளூருக்கே சென்றுவிட்டாள். எட்டாவது மீண்டும் தூது. ஊடல் தீர்ந்த நான்கு பதிகங்களுக்குள் வளை கழன்றுவிட்டது.

சங்கு வளை என்பது இக்கடற்கரைக்கு அயலான பொருள் அன்று. முத்தைப் போலவே சங்கும் இக்கரையின் விளைவு. கொற்கையில் சங்கு வளைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தூத்துக்குடிச் சங்குகள் நெடுங்காலம் வங்கநாட்டுக்குச் சென்று, அங்கு மணமான மகளிரின் கைவளைகளாயின. கையில் உள்ளளவும் கூட்டத்தின் அடையாளம். கழன்றால் பிரிவின் அடையாளம். அகமரபு முழுதும் வழங்கிய இவ்வடையாளத்தை ஆழ்வார், ஊடல் தீர்ந்த சிறுபொழுதிலேயே மீண்டும் எடுப்பதன் கருத்து, ஒரு கூட்டத்தால் பிரிவின் அச்சம் நீங்குவதில்லை என்பதே.

ஆறாம் பத்தின் முடிவில் திருவேங்கடமுடையான் திருவடிகளில் சரணாகதி. அவன் திருமார்பை ஒருநொடியும் அகலமாட்டாத பெரிய பிராட்டியாரை முன்னிட்டு ஆழ்வார் சரணம் புகுகிறார். புருஷகாரம் பற்றிய இவ்விடத்தின் தத்துவார்த்தம் நம் பெரியோரால் விரித்துரைக்கப்பட்டது. அதனை இங்கு மீண்டும் சொல்ல வேண்டுவதில்லை. இக்கட்டுரைக்கு வேண்டுவது ஒன்றே. பத்து முழுதும் பிரிவால் நொந்தவள், பிரிவென்பதையே அறியாத ஒருத்தியைப் பற்றுகிறாள். விளம்பத்தால் வந்த புண்ணுக்கு, விளம்பத்துக்கு இடமில்லாத ஸம்பந்தம் உடையவளே பற்றாகிறாள்.

7. ‘வேய்மரு தோளிணை’: அச்சம் பரிவானது

சரணாகதிக்குப் பின்பும் அச்சம் போயிற்றோ? பத்தாம் பத்தின் மூன்றாம் பதிகம், போகவில்லை என்கிறது. அங்கு அவன் அவளோடு கூடவே இருக்கிறான். பொழுது புலர்கிறது, குயிலும் மயிலும் கூவுகின்றன, அவன் பசுநிரை மேய்க்கப் போய்விடுவான் என்று எண்ணிய அளவிலேயே தோள்கள் மெலிகின்றன. அணைப்பில் இருக்கும்போதே பிரிவின் மெய்ப்பாடுகள் எல்லாம் வந்துவிட்டன. இதனை அஸ்தாநே பயசங்கை, அதாவது அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சுதல் என்பர் நம் பெரியோர். கூடுந்தோறும் வானளாவிய இன்பவெள்ளம் பெருகி, பின் அது கனவுபோல் நீங்கிவிடும் என்பதை அவளே சொல்கிறாள். முன்னைய பிரிவுகள் கற்பித்த பாடம் அது.

ஆறாம் பத்தில் நோவு அவனைப் ‘போ’ என்று சொல்லவைத்தது. இங்கே அதே நோவு ‘போகாதே’ என்று சொல்லவைக்கிறது. இவ்வளவே மாற்றமாயின் வியப்பில்லை. எட்டாம் பாசுரத்தில் நிகழ்வதே வியப்பு. உனக்கு உகப்பான பெண்டிரோடு நீ திரிந்து, உன் திருவுள்ளத்து வருத்தம் தீரக் கண்டால், நாங்களும் மகிழ்வோம். பெண்மைக்குரிய பொறாமை எங்களுக்கில்லை. பசு மேய்க்க மட்டும் போகாதே. கம்ஸன் ஏவிய அசுரர்கள் வேண்டிய உருவம் கொண்டு திரிகின்றனர், அகப்பட்டால் தீங்கு நேரும், என் சொல்லைக் கேள் என்கிறாள்.

‘மின்னிடை மடவார்’ பதிகத்தை அறிந்தார்க்கு இவ்விடம் எளிதில் கடக்கத்தக்கதன்று. அங்கு அவள் நெஞ்சைச் சுட்டவர்கள் யாரோ, அவர்களையே இங்கு அவள் ஏற்றுக்கொள்கிறாள். அவர்களோடு இருப்பாயாகில் இரு. என் கண்முன் ஊரில் இரு. காட்டுக்குச் சென்று ஆபத்தில் அகப்படாதே என்பது கருத்து. ‘எனக்கு என்ன நேருமோ’ என்றிருந்த அச்சம் ‘உனக்கு என்ன நேருமோ’ என்று திரும்பிவிட்டது. இடையே எட்டாம் பத்தின் ‘அங்கும் இங்கும்’ பதிகத்தில், அவன் மெல்லிய திருமேனிக்குத் துணையாவார் இல்லையே என்று ஆழ்வார் கலங்கியது இதற்கு முன்னோட்டம். மங்களாசாஸனம் பெரியாழ்வார்க்கு நித்யம், ஏனையோர்க்கு எப்பொழுதேனும் நேர்வது என்று பிள்ளை லோகாசாரியர் வாசி காட்டினார். நம்மாழ்வார்க்கு அது நேர்ந்த இடங்களுள் இஃது ஒன்று. ஊடலின் வழியாகவே நேர்ந்தது என்பது இதன் தனிச்சிறப்பு.

முன்னர்க் கூறிய த்ருஷ்டாந்தத்தை இங்கு மீண்டும் நினைப்பது தகும். கடலடியில் மூச்சுக்குத் தவித்தவன், பின்னொருநாள் தானே படகிலிருந்து கயிறு பிடிக்க நேர்ந்தால் எவ்வாறு பிடிப்பான்? கண் இமையாமல் பிடிப்பான். தாமதத்தின் கொடுமையைத் தன் நெஞ்சுக்குழியில் அறிந்தவன் அவன். வடு மறையவில்லை, அவ்வடுவே அவன் விழிப்புக்குக் காரணமாயிற்று. பிரிவால் நொந்திராத ஒருத்திக்கு, காட்டுக்குப் போகிறவனுக்கு என்ன நேருமோ என்னும் இப்பதற்றம் இவ்வளவு கூர்மையாகப் பிறந்திராது. அவன் ஸர்வசக்தன், அசுரர் அவனுக்கு ஈடாகார் என்ற ஞானம் அவளுக்கு இல்லாமலில்லை. ஆறாம் பத்திலேயே இலங்கையை அழித்தவன் என்றும், இருபத்தொரு கால் அரசரைக் களைந்தவன் என்றும் அவனை விளித்தவள் அன்றோ! அறிந்ததையும் மறக்கச்செய்வது ப்ரேமத்தின் இயல்பு.

இப்பதிகத்தின் பலச்ருதியில் ஆழ்வார் தம்மைப் பொருநலின் சங்கணி துறைக்கு உரியவராகக் கூறிக்கொள்வதும் கருதத்தக்கது. தன் கையினின்று கழன்றது சங்கு வளை என்று ஆறாம் பத்தில் தாய் வாயால் சொன்னவர், இங்குத் தம் ஊர்த்துறைக்குச் சங்கையே அணியாகக் காட்டுகிறார். இது நாட்டு வருணனை என்ற அளவில் கொள்ளினும் குற்றமில்லை. ஆயினும் இழந்த வளையும் துறையின் அணியும் ஒரே சங்காயிருத்தல், இக்கரையில் நின்று இதனை அனுஸந்திப்பார்க்கு ஆறுதல் தருவது.

8. நிகமனம்

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. பழைய பிரிவின் நோவு புதிய கூட்டத்தைத் தாக்கும் என்பதை ஆழ்வார் மறைக்கவில்லை. அதனை ஒரு பதிகமாகவே வெளியிட்டார். ஆகவே அதனை விளையாட்டென்று ஒதுக்குதல் பொருந்தாது. அந்நோவு அநந்யகதித்வத்தினின்று பிறப்பது. சீற்றத்தையும் ஏற்பவன் அதனை ஏற்றான். ஆகவே அது பிழையும் அன்று. கூட்டத்தாலோ சரணாகதியாலோ அது அழிவதில்லை. அவன்முன் சொல்லப்பட்டு, அவன் கையால் தொடப்பட்டு, காலம் செல்லச் செல்ல அவனைக் காக்கும் பரிவாகப் பக்குவம் அடைகிறது.

வைகாசியில் திருக்குருகூரில் ஒன்பது எம்பெருமான்களும் கருடாரூடராய் எழுந்தருள, ஆழ்வார் அவர்களை மங்களாசாஸனம் செய்யும் உத்ஸவத்தை ஸேவித்தவர்கள், மறுநாள் எம்பெருமான்கள் தத்தம் திவ்யதேசங்களுக்கு மீள்வதையும் அறிவர். வந்தவர் போவர் என்பதை அறிந்தே ஆழ்வார் எழுந்தருளியிருக்கிறார். அப்பொழுது ‘போகு’ என்பதும் ‘போகேல்’ என்பதும் அடங்கி, வாழ்த்து ஒன்றே எஞ்சுகிறது. ஊடலில் தொடங்கிய பேச்சு வாழ்த்தில் சென்று சேரும் வழியைத் தம் வாழ்விலும் தேடுவார்க்கு இவ்விரு பதிகங்களும் தஞ்சம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.